மஞ்சள் வைத்த கவுன்

“இது எந்தப் புள்ளைக்கு எடுத்தது சிஸ்டர்?” என்று ஒரு தாய் என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அன்றிலிருந்து இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்று யோசித்திருக்கிறேன். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

குழந்தைகள் வார்டுக்குப் புது நர்சுகளாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்று பெரிய சிஸ்டர் சொல்லி அனுப்பினார். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் அவரே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவள். அறிவுரை சொல்லும் வயதும் எனக்கு இல்லை. ஆனால் தீபாவளி நெருங்குகிறது. வார்டுக்குப் பரிசுப் பொட்டலங்கள் வரத் தொடங்கியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பரிசு என்றால் நல்ல விஷயம்தானே, அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சேர்ந்த வருடம் ஒரு மண்டிக்காரர் பை நிறைய பீப்பி வாங்கிவந்து, நேராகக் கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுத்துவிட்டார். வார்டு அன்று பொம்மிடி ரயில் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம். மூச்சுவிடவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், மற்றவர்களைப் பார்த்துத் தானும் ஊதப்போய், இருமி இருமி முகமெல்லாம் நீலம் பாரித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அவன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பெரிய சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்தார். யார் எது கொண்டுவந்தாலும் முதலில் டூட்டி ரூமுக்கு வரவேண்டும். யாருக்கு எது ஆகும் என்று நாம் பார்த்துப் பிரித்து, நம் கையால்தான் கொடுக்க வேண்டும். ஒரு கட்டிலுக்குக் கிடைத்து அடுத்த கட்டிலுக்கு இல்லை என்று ஆகவே கூடாது.

நான் சொன்னதை அப்படியே செய்கிறவள். கடைசியில் சொன்ன அந்த விதிதான் என்னை மாட்டிவிட்டது.

கடைவீதி ஜவுளிக்கடை பாய் வருடா வருடம் நம் வார்டுக்குத் தீபாவளித் துணி கொடுப்பார். சில நாள் முன்பே நேரில் வந்து, பிள்ளைகளைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போவார். எல்லாமே ஒரு பிடி பெரிதாகத்தான் இருக்கும். கேட்டால், “பத்தாமப் போகக் கூடாதும்மா. புள்ளைங்க வளந்துக்கும்” என்பார். அந்த வருடமும் அவர் துணி முதல் நாளே வந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் மாதம்மா என்ற பெண் தன் மகள் சரசுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். சரசுவுக்கு ஐந்து வயது இருக்கும். நிமோனியா. அரூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊரிலிருந்து, மாற்றுத்துணிகூட இல்லாமல் ஓடிவந்திருந்தார்கள். பாயின் கணக்கில் சரசு இல்லை.

மறுநாள் காலை தீபாவளி. பெரிய சிஸ்டர் பிரசவ அறையில் ஒரு கஷ்டமான கேஸோடு இருந்தார். டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். வார்டு முழுக்க என் பொறுப்பு. நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கண்ணில் பட்டுவிடுமோ, தெருவில் வெடிக்கிற சத்தத்தில் பயந்துகொள்வாளோ என்று நினைத்துக்கொண்டேதான் துணிகளைப் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் புதுத்துணி மொடமொடத்தது. சரசு தலையணையில் சாய்ந்தபடி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்வை தன் கட்டிலில் வந்து நின்றது.

“ம்மா, எனக்கு?”

“நமக்கு அடுத்த தீவாளிக்கு சாமி. மொதல்ல இருமாம படு” என்றாள் மாதம்மா.

அந்த நேரத்தில்தான் டூட்டி ரூம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் மகள் செல்வி புரட்டாசியில் நம் வார்டில், ஜன்னலோரக் கடைசிக் கட்டிலில், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அன்றும் நான் டூட்டியில் இருந்தேன். கருமாதி எல்லாம் முடிந்திருக்கும். இந்தப் பண்டிகை நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வருவாள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அவள் கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு கவுனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரோஸ் நிறம், வெள்ளைக் காலர், பின்னால் கட்டுகிற நாடா. கடை மடிப்புகூடக் கலையவில்லை.

“யாராச்சும் ஒரு புள்ளைக்குப் போட்டு வுடுங்க சிஸ்டர். கடலக்கா வித்தப்பவே தீவாளிக்குன்னு எடுத்தது. அவளுக்குக் காய்ச்ச வந்ததும் சாமிகிட்ட வெச்சிக் கும்புட்டேன், நல்லாயி வந்து போடட்டும்னு. இப்ப பெட்டியத் தொறந்தா இதான் மேல கெடக்குது. எரிக்கவும் கை வரல.”

“உக்காருங்கம்மா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு...”

“வேண்டாங்க. அந்தப் பக்கம் கால் வெக்க முடியல. பஸ் வந்தா போயிர்றேன்.”

அவள் போய்விட்டாள். நான் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்கு இதைப் போடுவேனா என்று என்னையே கேட்டேன். மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. அப்படியானால் வேறொருத்தி மகளுக்கு மட்டும் எப்படிப் போடலாம்? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இது துணிதானே, யாரும் உடுத்தாத புதுத்துணி. நான் படித்தவள், துணியில் என்ன இருக்கிறது. அதோடு சரசுவின் அந்தப் பார்வை. ஒரு கட்டிலுக்கும் இல்லாமல் போகக் கூடாது என்ற விதி. பெரிய சிஸ்டரிடம் கேட்க வழியில்லை. தூக்கிப் பிடித்து அளவு பார்த்தேன். சரசுவுக்குச் சரியாக இருக்கும். பட்டன்களைப் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

சரசுவின் முகம் இருந்ததே, அதைப் பார்த்ததும் நான் செய்தது சரிதான் என்று முழுதாக நம்பினேன். அந்த நம்பிக்கை ஊசியைக் கொதிக்கவைத்து எடுக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

மாதம்மா சமையலறைக்குப் போய் விரல்நுனியில் கொஞ்சம் மஞ்சள் குழைத்து எடுத்துவந்தாள். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எந்தத் தாய் பிள்ளைக்குப் போடுவாள்? அதற்குள் சரசு கவுனுக்குள் தலையை நுழைத்துவிட்டிருந்தாள்.

“இருடி, மஞ்ச வெக்காம என்னாடி அவசரம். பஸ்ஸா போவுது?”

சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து காலரைத் திருப்பினாள். மஞ்சள் தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது. காலரின் உள்பக்கத்தில், அவள் வைக்க நினைத்த அதே இடத்தில், காய்ந்த மஞ்சள் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தது.

“மஞ்ச வெச்சிருக்குதே” என்றாள். முதலில் சாதாரணமாகத்தான் சொன்னாள். “பாய் கடையில மஞ்ச வெச்சியா குடுப்பாங்க?”

பக்கத்துக் கட்டில் பெண் எட்டிப் பார்த்தாள். மாதம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இது எந்தப் புள்ளைக்கு எடுத்தது சிஸ்டர்?”

ஏதாவது சொல்லியிருக்கலாம். கடையில் தவறிப்போய் வைத்திருப்பார்கள், பாய் வீட்டில் வேலை செய்கிற பெண் வைத்திருப்பாள், நானே வைத்தேன். இவ்வளவும் இப்போது வரிசையாக வருகிறது. அன்று ஒன்றும் வரவில்லை. சாமிகிட்ட வெச்சிக் கும்புட்டேன் என்று அந்த அம்மா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

“அந்தப் புள்ள எங்க?”

மாதம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. குரல் இறங்கிப்போய், “இதே கட்டில்லயா இருந்துச்சு?” என்றாள்.

அவள் பயத்தைப் போக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், “இல்லைங்க, இந்தக் கட்டில் இல்லைங்க” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. பொய் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் சந்தேகத்தை நிச்சயமாக்கியதும் அந்த வார்த்தைதான்.

மாதம்மா கத்தவில்லை. கவுனை மகளின் தலைவழியாக உருவிக் கட்டில்மேல் போட்டாள். சரசு அழத் தொடங்கி இருமலில் மாட்டிக்கொண்டாள். மாதம்மா முந்தானையால் அவளைச் சுற்றினாள்.

“நாங்க வூட்டுக்குப் போறோம்.”

“இப்பத்தாங்க காய்ச்சல் எறங்குது. ஊசி பாதியில நின்னா புள்ளைக்கு ஆகாதுங்க.”

“இங்க இருந்தாத்தான் எம்புள்ளைக்கு ஆகாது. வழி வுடுங்க சிஸ்டர்.”

நான் பிரசவ அறைக்கு ஓடினேன். கதவுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன். உள்ளேயிருந்து பெரிய சிஸ்டரின் குரல் மட்டும் வந்தது. “என்னால இங்கருந்து நகர முடியாது. மத்தியான ஊசி தவறினா அந்தப் புள்ள தாங்காது. என்ன சொல்லுவியோ, கூட்டிட்டு வா.”

திரும்பி வந்தபோது கட்டில் காலி. கவுன் மட்டும் கிடந்தது. ஏன் என்று தெரியவில்லை, அதைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவில் ஓடினேன்.

பஸ் நிற்கிற இடம் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு புளியமரத்தடியில். பண்டிகை நாளில் பஸ் குறைவு. நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மாதம்மா டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தூரத்திலேயே கேட்டது.

“செத்த புள்ளைக்கு எடுத்த துணிய எம்புள்ளைக்கு மாட்டி வுட்டுட்டாங்க. கேட்டா வாயே தொறக்கல. இந்தக் கட்டில் இல்லன்னு மட்டும் சொல்றாங்க.”

அவளுக்குப் பின்னால் மரத்தின் வேர்மேல் ஏரியூர் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் காலி மஞ்சள் பை. அவளுக்கும் இன்னும் பஸ் வரவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் கையிலிருந்த கவுனைப் பார்த்தாள். மாதம்மாவின் தோளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சரசுவைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து வந்தாள். இப்போது என்ன நடக்கப்போகிறதோ, எந்த வார்த்தை கேட்கப்போகிறேனோ என்று கவுனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

“யாருங்க செத்தது?” என்று கேட்டாள். “அந்தக் கவுனு நான் குடுத்ததுங்க. எம்பொண்ணுக்கு எடுத்தது. அவ வூட்டுல பட்டாசு வெடிச்சிட்டு இருக்கறா.”

மாதம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப மஞ்ச?”

“நாந்தான் வெச்சேன். வெச்சிப் போட்டு வுட்டா உள்ளயே போவல. இங்கதான் கடைசிக் கட்டில்ல கெடந்தா, காய்ச்சலு. நல்லாயி வூட்டுக்கு வந்து தின்னு தின்னு ஊதிட்டா. முன்னெல்லாம் ஒரு வாய் சோத்துக்குத் தெருவெல்லாம் தொரத்தணும். இப்ப சட்டியோட எடுத்துக்கறா. அவங்கப்பன் சொல்றாரு, அடுத்த வருசம் இவளுக்குத் துணி எடுக்க மாட்ட விக்கணும்னு.”

டீக்கடைக்காரர் சிரித்தார். மாதம்மாவின் வாயோரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. செல்வி ஒல்லியான பெண். கடைசி நாட்களில் தண்ணீர்கூட இறங்கவில்லை. இந்த அம்மாதான் ஸ்பூனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாதம்மா என் பக்கம் திரும்பினாள். “நெசமா சிஸ்டர்?”

ஏரியூர் அம்மா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

“நெசந்தாங்க” என்றேன்.

“பொறவு ஏன் அப்ப முழிச்சீங்க?”

என்னைப் பதில் சொல்ல விடாமல் ஏரியூர் அம்மாவே முந்திக்கொண்டாள். “சிஸ்டரு சின்னப் பொண்ணு. போட்டுப் பாத்த துணின்னு சொன்னா கொறையா நெனப்பீங்கன்னு பேசாம நின்னிருக்கும். நீங்க புள்ளையத் தூக்கிட்டு உள்ள போங்க. ஊசிய நிறுத்தாதீங்க.”

மாதம்மா சரசுவைத் தோளிலிருந்து இறக்கினாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதை என்னால் மறக்க முடியாது. “அப்ப நீங்களே போட்டு வுடுங்க. புள்ளைய நல்லாப் பாத்து எழுப்பின கையி.”

என் கையிலிருந்து கவுனை ஏரியூர் அம்மாதான் வாங்கினாள். சரசுவின் கையை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பட்டன் போட்டாள். நாடாவை முடிச்சுப் போட்டு, சுருங்கின இடத்தை நீவிவிட்டாள். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் என்னிடம், “அளவு சரியாத்தான் இருக்குது சிஸ்டர்” என்றாள். அவ்வளவுதான்.

சரசுவுக்கு மத்தியான ஊசி நேரத்துக்கு விழுந்தது.

பெரிய சிஸ்டரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “இனிமே மாதம்மா இங்க இருக்கறவரைக்கும் செல்வி உயிரோட இருக்கா. எல்லார்கிட்டயும் சொல்லிடு. யாரும் வாய் தவறக் கூடாது” என்றார்.

யாரும் தவறவில்லை. நினைத்தால் இன்றும் எனக்குத் திகைப்பாக இருப்பது அதுதான். மாதம்மா செல்வியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வார்டு ஆயாம்மா, “அது சரியான வாயாடிங்க” என்று ஆரம்பித்து ஒரு கதையே சொன்னார். ஒருநாள் நானும், “ரெட்டைச் சடை போட்டா அழகா இருப்பா” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். உண்மையைச் சொல்ல வராத என் வாய்க்குப் பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சரசு குணமாகி, அந்த ரோஸ் கவுனிலேயே வீட்டுக்குப் போனாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். காலரைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம் என்றால், உங்களுக்கு எழுதவே தேவையில்லை.

அடுத்த தீபாவளிக்கு முன் மாதம்மா வந்தாள். கூடவே சரசு, கன்னமெல்லாம் சதை வைத்து. என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பச்சைக் கவுன். பாய் கடையில்தான் எடுத்திருக்கிறாள்.

“செல்விக்குங்க. ஏரியூர்ப் பக்கம் எனக்கு வழி தெரியாது. அவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா குடுத்துடுங்க. புள்ள வளந்திருக்குமுன்னு பெரிய அளவா எடுத்தேன். அவங்க வெச்ச மாதிரியே மஞ்ச வெச்சிருக்கறேன்.”

காலரைத் திருப்பிக் காட்டினாள். ஈரம் காயாத மஞ்சள். கூலிக்குக் களை எடுக்கிற பெண் அவள். சரசு அன்று போட்டிருந்தது பழைய பாவாடை. வாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வருடம் நான் வேலையில் இல்லை. வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். இந்த முறை நீலம். அதைவிடப் பெரியது. இரண்டும் என் பீரோவில் இருக்கின்றன. இறந்துபோன பிள்ளை என் பீரோவுக்குள் வருடத்துக்கு ஒரு பிடி வளர்கிறாள்.

உங்கள் வார்டுக்குத் தீபாவளியன்று ஒரு பெண் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே பிஸ்கட் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுப் போகிறாளாமே. அதுதான் ஏரியூர் அம்மா. இந்தக் கவுன்களை அவளிடம் சேர்ப்பதா? தன் மகளுக்கு ஒருத்தி வருடா வருடம் துணி எடுக்கிறாள் என்று தெரிந்தால் அவள் நெஞ்சு ஆறுமா, ஆறின புண்ணை நான் கிளறினதாகுமா? மாதம்மாவிடம் உண்மையைச் சொல்வதா? சொன்னால், அன்று அந்த அம்மா கொடுத்ததை நான் பிடுங்கினதாக ஆகாதா? வார்டில் வேறு குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றால், இரண்டு காலரிலும் மஞ்சள் இருக்கிறது. இதில் வரும் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மாதம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சரசு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

போன வாரம் என் மகள் பீரோவைத் திறந்து நீலக் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். தரையில் புரண்டது. “இது யாருக்கும்மா எடுத்தது?” என்றாள். நான் அவசரமாகக் கழற்றினேன். அவள் அழுதாள்.

பெரிய சிஸ்டரைக் கேட்டேன். “வாங்கினவ நீ, நீதான் யோசிக்கணும்” என்கிறார். நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது ஏதாவது தோன்றினால் தயவுசெய்து எழுதுங்கள். தீபாவளிக்கு முன் எழுதினால் நல்லது. மாதம்மா நேற்று ஆள் மூலம் கேட்டு அனுப்பியிருக்கிறாள்: செல்வி கவுன் போடுகிற வயதைத் தாண்டியிருப்பாளே, இந்த வருடம் பாவாடை சட்டை எடுக்கட்டுமா என்று.